பரியும் பந்தியும்

திருக்கோணமலைக் கோட்டைக்குள் புகுவோர் அதன் வாயிற்கல்லிற் செதுக்கப்பட்டுள்ள இரண்டு கயல்களைக் காணாது செல்வதில்லை. கோணேசர் பெருமானை வழிபடச் செல்லும் அடியாருக்கும், சுவாமிமலை உச்சியிலிருந்து கடலைப் பார்க்க ஓடும் பிள்ளைகளுக்கும் அவை நன்கு பழகியவை. 1620களிற் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கோட்டை எழுப்பினர். கோயில் போயிற்று, கயல்கள் எஞ்சின. அவை பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின்மேற் படைகொண்டு வந்து, கோணமலையில் இரட்டைக் கயலைப் பொறித்தான் என்று புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குடுமியான்மலைச் சாசனம் கூறுகின்றது.

மீனைக் கொடியிற் கொண்ட அந்தப் பாண்டியர், தம் செல்வத்திற் பெரும்பகுதியைக் கரைத்தது குதிரையில். அவர்கள் குதிரை வாங்கிய கதையும், வாங்கிய குதிரைகளைப் பேணமாட்டாது இழந்த கதையும் வெறும் பழங்கதைகள் அல்ல. குதிரையேற்றம் பயில விரும்பும் ஒருவர் எத்தகைய ஆசானை நாடுவது, எத்தகைய பந்தியில் தம் பிள்ளையைச் சேர்ப்பது என்ற வினாவுக்கு, அக்கதைகளை விடத் தெளிவான விடை வேறெங்கும் இல்லை எனலாம்.

குதிரை நம் மண்ணுக்கு உரிய விலங்கன்று. அது கடல்வழி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் நீர்வழி வந்த குதிரைகள் நின்றதைப் பட்டினப்பாலை பேசுகின்றது. ஈழத்துக்கும் அது வந்தேறிய விலங்கே. 1660இல் திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள கொட்டியாரக் குடாவிற் சிறைபிடிக்கப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து தப்பிய ஆங்கிலேயர் இராபர்ட் நொக்சு, 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நாட்டு விலங்குகளை வரிசைப்படுத்துகின்றார். யானை உண்டு, எருமை உண்டு, மான் உண்டு, நரி உண்டு. குதிரை இல்லை என்பது அவர் கூற்று. மன்னர் தம் தேவைக்கென வரவழைத்தவை இருந்திருக்கலாம். குடிகளின் ஊர்களில் அவ்விலங்கு இல்லை என்பதே அதன் பொருள்.

இல்லாத விலங்கை விலைகொடுத்து வாங்கலாம். அதனைப் பேணும் அறிவைக் கப்பலில் ஏற்றி இறக்குவது அத்துணை எளிதன்று. பாண்டியர் இடறியது இங்கேதான்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, அங்கு உடன்பிறந்தார் ஐவர் ஆண்டனர் என்றும், அவருள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்குக் குறையாமல் வாங்கினர் என்றும் எழுதினார். ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட மிஞ்சுவதில்லையாம். காரணமும் அவரே சொல்கின்றார். குதிரையை நடத்தும் முறையை அந்நாட்டார் அறியார். லாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் வல்லார் அங்கு இல்லை. அதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. குதிரை விற்கும் வணிகர், அத்தொழில் வல்லாரைத் தம் நாட்டிலிருந்து பாண்டி நாட்டுக்குச் செல்ல விடுவதில்லை. குதிரைகள் சாகச்சாகத்தானே புதியவை விலைபோகும்!

ஏறத்தாழ அதே காலத்திற் பாரசீகத்தில் வரலாறு எழுதிய வசாபு என்பார் கணக்கையும் தருகின்றார். பாரசீக வளைகுடாவிலுள்ள கைசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன், பாண்டியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்பினார். குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு. வழியிற் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் பண்டாரத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது. சமாலுத்தீனின் உடன்பிறந்தாரே காயல் முதலிய துறைகளிற் சுங்க அதிகாரியாகவும் அரசனின் அமைச்சராகவும் இருந்தார். விற்பவரும் வாங்குபவருக்கு அறிவுரை கூறுபவரும் ஒரே வீட்டார் என்றால், அந்த வாணிகத்தின் போக்கை ஊகிப்பது கடினமன்று. அதற்கு முற்பட்ட ஒரு காலத்தில், ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் இந்தியத் துறைகளுக்கு ஏற்றப்பட்டன என்றும், அவற்றின் விலையாகிய 22 இலட்சம் பொற்காசுக்குக் கோயில் வருவாயும் பயன்பட்டது என்றும் வசாபு எழுதுகின்றார்.

வந்த குதிரைகளுக்கு நேர்ந்தது என்ன? பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் கொடுத்தார்கள். காய்ச்சிய பசும்பால் குடிக்கக் கொடுத்தார்கள். நாற்பது நாள் பந்தியில் முளையடித்துக் கயிற்றாற் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்தார்கள். பிறகு, பழக்காமலும் நடை பயிற்றாமலும், அங்கவடி முதலிய கருவிகள் இல்லாமலும் வீரர்கள் அவற்றின்மேல் ஏறிக் காற்றாய்ப் பறந்தார்கள். சில நாளில் நல்ல குதிரைகளும் வலுவிழந்து மந்தமாகிப் போயின. வசாபு எழுதியது இவ்வளவே. அன்பு குறைவின்றி இருந்தது. உணவும் குறைவின்றி இருந்தது. நாற்பது நாள் அசையாது நின்ற உடம்பை நாற்பத்தோராம் நாள் முழு விரைவில் ஓட்டினால் அது தாங்குமா என்று கேட்க ஒருவர் இல்லை.

வேற்றுநாட்டார் எழுதியதை அப்படியே நம்பவேண்டியதில்லை. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் கலந்து ஊட்டினர் என்று போலோ வியக்கின்றார். ஆயின் கௌடிலியரின் அருத்தசாத்திரம், குதிரைத் தலைவன் கடமை கூறும் பகுதியில், அரைவேக்காட்டுத் தானியம், எண்ணெய், உப்பு, இறைச்சி என்று அளவிட்டே உணவு வகுக்கின்றது. ஆகவே அவ்வுணவு பாண்டியரின் அறியாமை அன்று. வடமொழி நூலோர் வழி வந்த மரபு. நூற்றுக்கு மேல் மிஞ்சுவதில்லை என்ற கணக்கும் மிகையாகவே இருக்கவேண்டும். 1311இல் மாலிக் காபூர் பாண்டி நாட்டின்மேற் படையெடுத்து மீண்டபோது 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கொண்டுசென்றான் என்கிறார் அமீர் குசுரு. பரணி என்பார் 612 யானை, 20,000 குதிரை என்று எண்ணிக்கையை உயர்த்துகின்றார். வரலாற்றாசிரியரின் குதிரைகள் ஏட்டிலும் குட்டி போடுவதுண்டு! எண் எதுவாயினும், பாண்டியர் பொன் கொடுத்து வாங்கிய பரிகளிற் பல தில்லிக்கு நடந்தன என்பதில் ஐயமில்லை. இருவேறு திசையிலிருந்து எழுதிய போலோவும் வசாபும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. குதிரைக்குப் பொன் இருந்தது. குதிரையை அறிந்த ஆள் இல்லை.

நம் சைவ மரபிலும் ஒரு குதிரை வாணிகம் உண்டு. வாதவூரர் பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்குச் சென்றதும், அப்பொன்னைச் சிவபணிக்கு ஆக்கியதும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரை வாணிகனாய் மதுரைக்கு வந்ததும் திருவெம்பாவை கேட்டு வளர்ந்த எவரும் அறிந்தவை. அக்கதையிற் கயிறு மாறுதல் என்றொரு சடங்கு வருகின்றது. விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்கு மாறியதும் வாணிகம் முடிந்தது. பின்னர் எது நேரினும் விற்றவன் பொறுப்பாகான். அன்றிரவே பரிகள் நரிகளாகி, பந்தியில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. அருள் விளையாட்டாகிய அதனை அடியார் அன்புடன் போற்றுவர். ஆயினும், அதைப் பாடிய புலவர்களுக்குக் குதிரைச் சந்தையின் வழக்கம் நன்கு தெரிந்திருந்தது என்பதையும் மறத்தலாகாது. கயிறு மாறுமுன் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிடவேண்டும் என்பது அச்சந்தையின் சட்டம்.

ஈழத்தின் பழைய நூலாகிய மகாவம்சத்திலும் குதிரை பலமுறை வருகின்றது. அனுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டு நீதியோடு ஆண்டவர்கள் என்று அந்நூல் கூறும் தமிழர் இருவர், சேனனும் குத்திகனும், கடல்வழிக் குதிரை கொணர்ந்த ஒருவனின் மக்கள். குதிரை வணிகன் மைந்தர் அரசாளும் அளவுக்கு அவ்வாணிகம் பெரிதாயிருந்தது.

அந்நூலில் வரும் வேலுசுமணன் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. கிரி நாட்டுத் தலைவன் ஒருவனிடம் சிந்து தேயத்துக் குதிரை ஒன்று இருந்தது. அது எவரையும் தன்மேல் ஏறவிடவில்லை. வேலுசுமணனைக் கண்டதும், தனக்கு ஏற்ற ஆள் இவனே என்று அதற்குத் தோன்றியதாம். குறிப்பறிந்த தலைவன் அவனை ஏறச் சொன்னான். அவன் அக்குதிரையை வட்டமாய் ஓட்டினான். ஓடிய விரைவில், வட்டம் முழுவதும் ஒரே குதிரையாய்த் தோன்றிற்று. ஓடும் குதிரையின்மேல் இருந்தபடியே அவன் மேலாடையை அவிழ்த்துக் கட்டினான். அதைக் கண்ட தலைவன் அவனுக்குப் பதினாயிரம் காசு கொடுத்து, இவன் அரசனிடம் இருக்கத் தக்கவன் என்று அனுப்பிவைத்தான். புனைவு கலந்த வருணனைதான். ஆயினும் ஆளைத் தேர்ந்த முறை கவனிக்கத்தக்கது. அத்தலைவன் அவன் குலத்தைக் கேட்கவில்லை. அவன் சொல்லையும் கேட்கவில்லை. அவன் அருகே சென்றபோது குதிரை எப்படி நின்றது என்பதைப் பார்த்தான்.

பின்னொரு நாள் இதே வேலுசுமணன் எல்லாளன் நகருக்கு வந்தான். அரசனின் பட்டத்துக் குதிரையைக் காப்பவனோடு நட்புக்கொண்டான். ஒரு விடியற்காலையில் அந்தக் குதிரையையே வெளியே கொணர்ந்து ஏறி ஓட்டிச் சென்றுவிட்டான். நீதிக்குப் பெயர்பெற்ற எல்லாளனின் அரண்மனையில் மதிலுக்கும் காவலுக்கும் குறைவிருந்திராது. பந்தியில் நின்ற ஒரு காவலாளன் தளர்ந்த இடத்தில் அவ்வளவும் பயனற்றுப் போயிற்று.

இனி, இன்று குதிரையேற்றம் பயில எண்ணுவோர் செய்யத்தக்கது யாது? ஏறத்தாழ இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டிற் படைத்தலைவராயும் நூலாசிரியராயும் விளங்கிய செனபோன், குதிரையேற்றம் பற்றித் தனி நூல் எழுதினார். பழகாத குதிரைக்குட்டியைப் பழக்குவோனிடம் ஒப்படைப்பதை, பிள்ளையைத் தொழில் கற்க அனுப்புவதோடு அவர் ஒப்பிடுகின்றார். திரும்பி வரும்போது குட்டி எதையெதை அறிந்திருக்கவேண்டும் என்பதை முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள் என்கிறார். அவ்வறிவுரை மாணாக்கனுக்கும் பொருந்தும். ஆசானிடம் முதலிற் கேட்கவேண்டியது, எத்தனை பரிசு பெற்றீர் என்பதன்று. மூன்று திங்களில் என் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பீர் என்பதே. நன்கு ஏறத் தெரிந்தவர் எல்லாரும் நன்கு ஏற்றத் தெரிந்தவர் அல்லர். கணக்கில் வல்லவர் அனைவரும் கணக்காசிரியர் ஆவதில்லையே!

நல்ல ஆசான் முதல் நாளிலேயே கடிவாளத்தைக் கையிற் கொடுத்துவிடமாட்டார். குதிரையின் பக்கத்தில் நிற்கவும், அதன் காதும் கண்ணும் கூறுவதை அறியவும், தேய்த்துத் துடைக்கவும், குளம்பைத் தூக்கி அழுக்கு நீக்கவும் முதலிற் கற்பிப்பார். பின்னர், தலைக்கவசம் அணிவித்து, வயது முதிர்ந்து அமைதி படிந்த குதிரையில் ஏற்றி, நீண்ட கயிற்றைத் தம் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக நடத்துவார். மாணாக்கனின் இருக்கை உறுதிப்பட்ட பின்னரே நடை ஓட்டமாகும். தமிழ் நூலோர் குதிரைக்கு ஐங்கதி வகுத்தனர். முதற் கதி நிலைக்குமுன் ஐந்தாம் கதிக்குத் தாவுவோன், வசாபு கண்ட பாண்டிய வீரனின் வழித்தோன்றல். சினம் மேலிட்ட நிலையிற் குதிரையை அணுகாதே என்பது செனபோன் கூறும் மற்றொரு விதி. ஆகவே, கீழ்ப்படியாத குதிரையிடம் ஆசான் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை வேலிக்கு வெளியே நின்று அரைமணி நேரம் பார்த்தாற் போதும். குதிரையை அடித்துத் திருத்துபவர், அஞ்சி அழும் பிள்ளையிடமும் வேறு வழி அறியார்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று நம்மவர் நகைப்பதுண்டு. குதிரையின் மேல் மட்டும் பழி சொல்வது முறையன்று. வாயிற் புண் இருந்தாலும், பல் கூர்ந்து கன்னத்தைக் கிழித்தாலும், முரட்டுக் கை கடிவாளத்தைச் சுண்டி இழுத்துப் பழகியிருந்தாலும் எந்தக் குதிரைதான் வாய் திறக்கும்? கடிவாளத்துக்கு வாய் திறவாத குதிரைகள் ஒரு பந்தியில் நிரம்ப இருந்தால், அது அங்குள்ள கைகளைப் பற்றிய செய்தி.

பந்தியைப் பார்க்கச் செல்வோர் முன்னறிவிப்பின்றிச் செல்வது நன்று. மேலே கூரையைப் பார்ப்பதற்குமுன் கீழே தரையைப் பார்க்கவேண்டும். ஈரமும் வழுவழுப்பும் உள்ள தரை குளம்பைக் கெடுக்கும். நீர் வடியும்படி சரிவும், குளம்பளவு கற்கள் பதித்த நிலமும் வேண்டும் என்று செனபோன் கூறுகின்றார். கீழ்க்கரையில் ஐப்பசி முதல் தை வரை மாரி பெய்து நிலம் ஊறிக்கிடக்கும். குளம்பின் அடியில் அழுகல் உண்டாகித் தீய நாற்றம் வீசுவது அக்காலத்தில்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ குளம்பு உலர்ந்து வெடிக்கும்; தண்ணீர்த் தொட்டி நண்பகலுக்குமுன் வற்றிவிடும். ஆதலின் இவ்விரு பருவத்திலும் ஒருமுறை சென்று பார்த்தவரே அப்பந்தியைப் பார்த்தவர் ஆவார். குதிரையைத் தலைவன் அடிக்கடி காணக்கூடிய இடத்திற் பந்தி அமையவேண்டும் என்றும் அக்கிரேக்கர் விதித்தார். கண்ணுக்கு எட்டாத பந்தியில் தீவனம் திருடு போகும். நோயும் நாட்பட்டே தெரியவரும்.

அருத்தசாத்திரம் ஒவ்வொரு குதிரைக்கும் ஏட்டிற் பதிவு வேண்டும் என்கிறது. அதன் இனம், வயது, நிறம், அடையாளம், வந்த வழி ஆகிய யாவும் எழுதப்படவேண்டும். இன்றைய பந்தியிலும் அத்தகைய ஏடு இருக்கிறதா என்று கேட்கலாம். கடைசியாக லாடம் அடித்தது எந்நாள், விலங்கு மருத்துவர் வந்தது எந்நாள், ஒரு குதிரை ஒருநாளில் எத்தனை மாணாக்கரைச் சுமக்கிறது என்பன அதில் இருக்கவேண்டும். லாடக்காரர் யார் என்ற கேள்விக்கு உடனே பெயர் சொல்ல இயலாத பந்தியிற் பிள்ளையைச் சேர்க்கலாகாது. பாண்டியருக்கு வணிகர் மறுத்ததும் அந்த ஒரு தொழிலாளியைத்தானே!

தமிழ் நிலத்திற் குதிரை வாழாது, பிறந்தாலும் கால் கோணிய குட்டியே பிறக்கும் என்று போலோ எழுதியதற்கு நெடுந்தீவு ஒரு மறுமொழி. போர்த்துக்கேயர் கொணர்ந்தவை என்று கூறப்படும் குதிரைகளை அங்கு ஒல்லாந்தர் வளர்த்துப் பெருக்கினர். பின்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தீவின் அதிகாரியாயிருந்த நோலன் அவ்வளர்ப்பைத் தொடர்ந்தார். அரசு கைவிட்ட பிறகும் குதிரைகள் அழியவில்லை. கட்டாக்காலியாய்த் திரிந்து, தாமே இனம் பெருக்கி, இன்றும் வாழ்கின்றன. உருவிற் சிறியவை என்பது மெய்தான். ஆயினும் கால் கோணியவை அல்ல. முருகைக்கல் நிறைந்த அத்தீவின் வறண்ட தரை, செனபோன் வண்டி வண்டியாய்க் கொட்டச் சொன்ன கற்களின் வேலையைத் தானே செய்துவருகின்றது போலும். அவை மேயும் நிலப்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் கற்றூண்கள் அங்கே கூரையின்றி நிற்கின்றன. மாரியில் அத்தீவின் குதிரைகளுக்குப் புல்லும் நீரும் கிடைக்கும். வறட்சி நீளும் ஆண்டுகளிற் குளங்கள் வற்றி, அவற்றுட் பல நீரின்றி மடிந்ததுண்டு. நிலம் அவற்றை வெறுக்கவில்லை. காலம் பார்த்துத் தொட்டியை நிரப்பும் கைதான் அங்கும் வேண்டியிருக்கின்றது.